துப்பாக்கியைத் திருத்துகிறவர்

எடுத்த பொருளில் எல்லாம் குற்றம் கண்டுபிடித்து, எடுத்த கையை மட்டும் ஆயுளுக்கும் சந்தேகிக்காத ஓர் இனம் இருக்கிறது. எல்லா ஊரிலும் இருக்கிறது. ஆனால் அதில் நன்றாகக் கொழுத்து, முழு வளர்ச்சி அடைந்த வகையைப் பார்க்க வேண்டுமானால், ஞாயிற்றுக்கிழமை காலையில் அமெரிக்காவின் வயோமிங்கில் எங்கள் ஊர்த் துப்பாக்கி மைதானத்துக்கு வாருங்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய ரிவால்வர்களை வைத்துக்கொண்டு குறிபார்க்கிற கூட்டம் ஒன்று அங்கே கூடும். அதில் நம் ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். மற்றவர்கள் சுடுவார்கள். அவர் விளக்குவார்.

மாதிரிக்கு வெண்டல் ஸ்ட்ரூப்பை எடுத்துக்கொள்வோம். டிராக்டர் உதிரிபாகக் கடைக்காரர். கடையில் எந்தச் சாமான் கெட்டாலும் வாங்கினவர் ஓட்டின லட்சணம்தான் காரணம் என்பார். மைதானத்தில் மட்டும் சட்டம் தலைகீழ். மணல் மூட்டைகளைத் தலையணை மாதிரித் தட்டித் தட்டிச் சரிசெய்வார், விரலை எச்சிலில் நனைத்துக் காற்று பார்ப்பார், காபி குடித்தால் கை நடுங்கும் என்று பக்கத்தில் இருப்பவரை எச்சரித்துவிட்டுத் தன் பிளாஸ்கைத் திறப்பார், பிறகு பெருமூச்சு விட்டு ஒரு சுடு சுடுவார். குண்டு தாழப் போகும். உடனே துப்பாக்கியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, பொய் சொன்ன பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

"பொய் சொல்லுது இது."

நான்கு குண்டு ஓரிடத்திலும் ஒன்று எங்கேயோவும் விழுந்ததா? "அது தனியாப் போன குண்டு. கணக்குல வராது." இரண்டு ஓரிடத்திலும் மூன்று எங்கேயோவும் விழுந்ததா? அதற்கும் அதே பதில்தான்.

இந்தப் பழைய ரிவால்வர்களிடம் ஒரு வம்பு உண்டு. குறிக்கு ஆதாரம் குழல் நுனியில் காசின் விளிம்பு போல நிற்கும் ஒரு சின்னத் தகடு. திருகி ஏற்றவோ இறக்கவோ வழியில்லை. குண்டு தாழப் போனால் அந்தத் தகட்டை அரத்தால் தேய்த்துக் குட்டையாக்கலாம், குண்டு மேலேறும். ஆனால் தேய்த்தது தேய்த்ததுதான், திரும்ப வளராது. அதனால் புத்தியுள்ளவர்கள் அரத்தைக் கையில் எடுக்கும் முன் வருஷக்கணக்கில் யோசிப்பார்கள். வெண்டல் அரத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். சொந்தத் துப்பாக்கிகள் எல்லாவற்றையும் இப்படித் தேய்த்து முடித்தாகிவிட்டது. மைதானத்து மேற்பார்வையாளர் ஆர்லோ ப்ரூயிட் அதில் ஒன்றை இரவல் வாங்கிச் சுட்டபோது, குண்டு குறிப்பலகைக்கு மேலே பறந்து மலையில் போய் விழுந்தது.

"என்னய்யா, வாத்து சுடறதுக்கா இதை வச்சிருக்க?"

"நீ சுடற லட்சணம் அப்படி" என்றார் வெண்டல். அதை மனதாரவும் நம்பினார்.

இப்போது அவர் கண் விழுந்திருப்பது மாமனாரின் ரிவால்வர்மேல். அதுவும் தாழச் சுடுகிறதாம். மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார். துப்பாக்கி மகள் நோரீனுக்கு வந்தது. பெரியவர் இருந்தவரை, வருஷாந்தரப் போட்டியின் பரிசான உப்புக்கண்டப் பன்றித் தொடையை வேறு யாரும் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. அதே துப்பாக்கி எப்படி இப்போது தாழச் சுடும்? வெண்டல் அதையும் யோசித்து வைத்திருந்தார்.

"அந்தக் காலத்துல பலகையையே தாழத்தான் நட்டிருப்பாங்க, கண்ணு."

நோரீன் அரத்தைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள். அப்பாவிடமிருந்து அவளுக்கு வந்த பொருள் அது ஒன்றுதான்.

"சரி வெண்டல். ஆர்லோ கண் முன்னாடி சுடு. எல்லாம் தாழப் போச்சுன்னா தேச்சுக்கோ. ஒண்ணே ஒண்ணு பலகை நடுவுல இருக்கிற கருவட்டத்துல விழுந்தாலும் அரத்தை வெளிய எடுக்கக்கூடாது."

"பேச்சு மாறமாட்டியே?"

"நீ சுடு முதல்ல."

ஆறு குழி உள்ள உருளையில் இவர்கள் ஐந்து தோட்டாதான் போடுவார்கள். தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் சுத்தி படுத்திருக்கும் குழி காலியாக இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் கைதவறி விழும்போது வெடித்துத் தொடையைத் துளைத்துவிடும். வெண்டலும் அப்படியே போட்டார். கட்டைவிரலால் சுத்தியை இழுத்தார். சுட்டார். தூரக்கண்ணாடியில் பார்த்த ஆர்லோ, "கீழே" என்றார். மறுபடியும் கீழே. அதற்கடுத்ததும் கீழே. ஒவ்வொரு 'கீழே'க்கும் வெண்டலின் முகம் மேலே மேலே மலர்ந்தது. தோற்கத் தோற்க ஜெயிக்கிற வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்? நடுநடுவே காதடைப்பை ஒதுக்கி, அந்தக் காலத்து இரும்பின் குணம், குழலின் முறுக்கு, மாமனாரின் கண்பார்வை என்று விளக்கிக்கொண்டே போனார். ஐந்தாவதும் ஒரு சாண் கீழே. நோரீன் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பந்தயம் முடிந்துவிட்டது.

ஆனால் விளக்கத்தில் மூழ்கியவருக்கு எண்ணிக்கை தப்பிவிட்டது.

"இது கடைசி. நல்லாப் பாத்துக்குங்க" என்று சுத்தியை இழுத்து, மூச்சைப் பிடித்து, விசையை அழுத்தினார்.

டக்.

வெடிக்கவில்லை. காலிக் குழி. ஆனால் குழல் மட்டும், மாமனாரைக் கண்ட புது மாப்பிள்ளை மாதிரி, சட்டென்று குனிந்து மணல் மூட்டையை முட்டியது. வராத வெடிக்குப் பயந்து வெண்டலின் இரண்டு கண்களும் இறுக மூடியிருந்தன.

ஆர்லோ தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டார். தொப்பி குலுங்கியது.

கண்ணைத் திறந்த வெண்டலுக்கு வெட்கமா வந்தது? வெற்றிக் களிப்பு வந்தது.

"பாத்தியா கண்ணு! உள்ள தோட்டாவே இல்ல, அப்பவும் தலையைத் தொங்கப் போடுது! இதுக்குமேல என்ன சாட்சி வேணும்?"

"உன் கண்ணு மூடியிருந்துச்சு வெண்டல்."

"புகை."

"வெடிக்கவே இல்லையே. ஏது புகை?"

"வரப்போற புகை."

நோரீன் ரிவால்வரை வாங்கி, காலிக் கூடுகளை ஒவ்வொன்றாகத் தள்ளி எடுத்து, பாத்திரம் துடைக்கும் துணியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தாள்.

"அஞ்சும் தாழத்தானே போச்சு? பேச்சுன்னா பேச்சு!" என்றார் வெண்டல்.

"ஆமா, பேச்சுதான். தேச்சுக்கோ. இந்தத் துப்பாக்கி ஒண்ணைத் தவிர வீட்டுல எதை வேணும்னாலும் தேச்சுக்கோ."

வீடு போய்ச் சேரும்வரை வெண்டல் பேசவில்லை என்று நினைத்தால் இந்த இனத்தை நீங்கள் புரிந்துகொள்ளவே இல்லை. ஊர் எல்லைக்குள் வருவதற்குள் மணல் மூட்டைதான் காரணம் என்று நிரூபித்துவிட்டார். ஈர மணலாம். கையைக் கீழே இழுக்குமாம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களிடம் ரிவால்வர் இல்லைதான். ஆனால் தோசை பிய்ந்தபோது கல்லைத் திட்டியது யார்? எடை பார்க்கும் இயந்திரத்திலிருந்து இறங்கி, அதை வேறு இடத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டு மறுபடி ஏறியது யார்? என்ன, சிரிப்பே வரவில்லையா? அப்படியானால் குறை முழுக்க எழுதினவன் மேல்தான். நீங்கள் படித்ததில் ஒரு பிசகும் இருக்க முடியாது. அந்தத் தீர்ப்பைத் தாராளமாகச் சொல்லுங்கள். சொல்லும்போது உங்கள் கண் திறந்திருக்கிறதா என்று மட்டும், பக்கத்தில் இருப்பவரைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.