அனுமதிக்கப்பட்டது

அலுவலகத்துக்கு வந்த நாளிதழில் அந்தப் படத்தைப் பார்த்ததும் எழுத்தருக்கு வாயிலிருந்த டீ உள்ளே இறங்க மறுத்தது.

படத்தில் இருந்தவர், தலைமை அலுவலகத்தில் அவருக்கு இடமாற்றம் கொடுத்த அதிகாரி. கீழே இப்படிப் போட்டிருந்தது: ‘பழைய ஃபைல் அட்டை, கார்பன் தாள், குண்டூசிகளால் ஓவியர் உருவாக்கிய போலி அலுவலகம். யார் மனு நீட்டினாலும் பொறுமையாகக் கேட்டு, அனுமதிக்கப்பட்டது என்று முத்திரை குத்துகிறார். ஆறு ஆண்டுகளாக நடந்துவரும் கலைப்படைப்பு.’

மனைவி ஓர் ஊரிலும் தான் ஓர் ஊரிலுமாக எட்டு வருடம் ஓட்டியவர் எழுத்தர். பதினோரு மனு போட்டார். பதினொன்றுக்கும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்றே பதில் வந்தது. போன மாதம் நேரிலேயே போனார். கீழ்த்தளத்தில் ஒரு கவுன்ட்டர். சுவரெல்லாம் ஃபைல் அட்டை ஒட்டியிருந்ததைப் பார்த்து, சிக்கனம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். உள்ளே இருந்தவர் முழுக் கதையும் கேட்டுவிட்டு, “பொண்ணு என்ன படிக்கிறா?” என்று வேறு விசாரித்தார். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எந்த அதிகாரி அதையெல்லாம் கேட்கிறார்?

அந்த ஆர்டரைக் காட்டி மனைவி இருக்கும் ஊர் அலுவலகத்தில் சேர்ந்து மூன்று வாரமாகிறது. மகள் இப்போதெல்லாம் “எப்பப்பா கிளம்புவீங்க?” என்று கேட்பதில்லை.

எழுத்தர் மனைவிக்குப் போன் செய்தார். “என் ஆர்டர் செல்லாதும்மா.”

“நீங்க பாக்கற வேலை செல்லுதா?”

“அது செல்லுது.”

“அப்ப பேசாம வேலையைப் பாருங்க. வரும்போது வெங்காயம் வாங்கிட்டு வாங்க.”

மனம் கேட்கவில்லை. முதலில் நாளிதழை மடித்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

“பேப்பர் எங்கே? குறுக்கெழுத்து பாதியில நிக்குது” என்று வந்தார் தலைமை எழுத்தர்.

“காத்துல பறந்திருக்கும் சார்.”

“ஃபேனே ஓடலியே. எந்திரிங்க, தேடுவோம்.”

எழுந்தால் வம்பு. “கால் மரத்துப்போச்சு சார்” என்றார். தலைமை எழுத்தர் பதறிப்போய் அவரே கைத்தாங்கலாகத் தூக்கிவிட்டார். நாளிதழ் கிடைத்தது. குறுக்கெழுத்து இருந்த பக்கத்தின் மறுபக்கம்தான் அந்தப் படம்.

இனி ஆர்டரே ஃபைலில் இருக்கக் கூடாது. பதிவறைக்கு ஓடி அதை உருவும்போது பின்னாலேயே தலைமை எழுத்தரின் குரல் கேட்டது.

“அட, அந்த ஆர்டர்தானே? குடுங்க. என் சர்வீஸ்ல இவ்வளவு தெளிவா ஒரு முத்திரையை நான் பாத்ததில்ல. மேலாளர்கிட்ட காட்டணும். நம்மாளுங்க குத்தறதையும் முத்திரைங்கறோம்.”

ஆர்டர் மேலாளர் அறைக்குள் போய்விட்டது.

தானே போய் ஒப்புக்கொள்வது என்று எழுத்தர் முடிவுசெய்தார். வேலை போனாலும் போகட்டும். எட்டு வருடத்துக்கு மூன்று வாரமாவது வீட்டுச் சோறு தின்றாயிற்று.

மேலாளர் அறை வாசலில் உட்கார்ந்திருந்த அட்டெண்டர் அம்மா அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். “என்ன சார், பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?”

“என் ஆர்டர் போலிம்மா. ஒரு ஓவியர் குத்தின முத்திரை. உள்ள போய் உண்மையைச் சொல்லிடறேன்.”

அந்த அம்மா கதவை மெல்லச் சாத்தினார்.

“வேணாம் சார், பாவம், மனுஷன் பயந்துடுவார். அவர் மேலாளர் ஆனதே அந்தக் கவுன்ட்டர்லதான்.”