நான்கு மூலையிலும் மஞ்சள்

மயிலாப்பூர்
மே 15, வியாழக்கிழமை, காலை மணி 8.40
கைவசம் உள்ள நோட்டீஸ்: ஆயிரத்தில் ஒன்று

நம் தெருச் சங்கத்தின் செயலாளரும் என் தாய்மாமாவுமான ராமானுஜம் அவர்களுக்கு ஸ்ரீஹரி நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே வீட்டில் எல்லோரும் சௌக்கியம். கோயம்புத்தூரில் நீங்களும் மாமியும் ஹம்சாவும் அவள் புதுக் குழந்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குழந்தை தூங்குகிறது என்று நீங்கள் போனை அணைத்து வைத்து நாலு நாளாகிறது. தவிர, சங்கத்து விஷயம் எதுவானாலும் செயலாளருக்கு எழுத்துமூலமாகத்தான் வர வேண்டும் என்று விதி போட்டதும் நீங்கள்தான். ஆகவே எழுதுகிறேன். மரியாதை இந்தப் பத்தியோடு முடிகிறது.

ரயில் ஏறும்போது என்ன சொன்னீர்கள்? "ரத்த தான முகாமுக்கு நோட்டீஸ் மட்டும் நல்ல தரமா அடிச்சுடுடா, மத்ததெல்லாம் தானா நடக்கும்." போன வருஷம் சாணிக் காகிதத்தில் அடித்த நோட்டீஸுக்குப் பதினோரு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் பி.பி. பார்த்துக்கொண்டு போக வந்தவர். இந்த வருஷம் ரத்த வங்கி அதிகாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் ஐம்பது பேர் பெயர் வந்தால்தான் ஞாயிற்றுக்கிழமை வண்டி நம் தெருவுக்கு வரும், இல்லாவிட்டால் வேறு பேட்டைக்குப் போய்விடும். நம் மூன்றாவது மாடி கீர்த்திக்கு எட்டு வயசு. அவளுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டும். மே மாசத்தில் யாரும் ரத்தம் கொடுப்பதில்லை. போன தடவை "இன்னிக்கு ஸ்டாக் இல்லை, நாளைக்கு வாங்க" என்று இரண்டு நாள் அலையவிட்டார்கள். அதனால்தான் இந்த வேலைக்குத் தலையை ஆட்டினேன், உங்கள் மேல் உள்ள பாசத்தால் அல்ல.

நான் கிண்டிக் கம்பெனியில் வால்வுகளுக்கு வரைபடம் போடுகிறவன். அரை மில்லிமீட்டர் பிசகினால் என் வேலைக்கு மதிப்பில்லை. அந்தப் புத்தியோடு உட்கார்ந்து நோட்டீஸை வடிவமைத்தேன். பளபளப்பான ஆர்ட் பேப்பர், வெள்ளைப் பின்னணி, மேலே சிவப்பில் 'ரத்தம் கொடுங்கள்', நடுவில் பெரிதாகத் தேதி, நேரம், இடம், பெயர் பதிய ஒரு க்யூஆர் கட்டம். அவ்வளவுதான். குழந்தைகூடப் படித்துவிடும். அதைத் தி.நகருக்கு எடுத்துக்கொண்டு போய், நம் சங்கத் தலைவர் ஜவஹர் அண்ணாச்சியிடம் பாத்திரக் கடையில் வைத்துக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இதுல நான் எங்க இருக்கேன்?" என்றார். சரி, ஒரு போட்டோ கொடுங்கள், தெளிவாக இருக்க வேண்டும் என்றேன். யாரோ கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோவை வாட்ஸப்பில் அனுப்பினார். தீப்பெட்டி சைஸ். அவரைத் தனியாக வெட்டி எடுத்தால் தோளில் ஒரு கை மட்டும் மிச்சம் நிற்கிறது. அழிக்கட்டுமா என்று கேட்டேன். "ஐயையோ, அது என் சகலை கை. அழிச்சா சங்கடப்படுவாரு. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆக, ரத்த தான நோட்டீஸின் நட்டநடுவில் அண்ணாச்சி, அவர் தோளில் உடம்பே இல்லாத ஒரு கை. அவரைச் சுற்றிச் செயற்குழுவினர் பதினாலு பேரின் பெயரும் பட்டமும். நீங்கள் உள்பட.

தேதி, நேரம், இடம், க்யூஆர் எங்கே போவது? மூலைக்குத்தான். மூலைக்கு ஒன்றாக நாலையும் சிவப்பு வட்டத்துக்குள் வைத்தேன். பார்க்க நன்றாகவே இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை.

சைதாப்பேட்டையில் அச்சகம் வைத்திருக்கும் ஷரஃபுதீன் பாயிடம் கொடுத்தேன். முதல் பிரதியில் சிவப்பு, செங்கல் நிறத்தில் வந்தது. "பாய், இது ரத்தமா, ரசமா?" என்று கேட்டேன். "இன்னா நைனா, செல்போன்ல கீற செவப்பு பேப்பர்ல வருமா? ரத்தம் காஞ்சா இந்தக் கலர்தான், வேணும்னா கைய கீறிக் காட்டட்டா?" என்று அவர் கேட்க, மூன்று பிரதி திருத்தி, நாலாவதில் ஒருவழியாக ரத்தம் ரத்தமாக வந்தது. செவ்வாய் சாயங்காலம் ஆயிரமும் தயார். நான் கம்பெனி வேலையாக அன்றே ஓசூர் போக வேண்டியிருந்ததால், கட்டை நம் கீழ்வீட்டுக் கோமளம் மாமியிடம் ஆட்டோவில் அனுப்பச் சொன்னேன். வியாழக்கிழமை காலை பேப்பர்காரரிடம் கொடுத்துச் செய்தித்தாளுக்குள் வைப்பதாகத் திட்டம்.

மாமா, இன்று காலை ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தால், கதவு இடுக்கில் அந்த நோட்டீஸ் செருகியிருக்கிறது. நாலு மூலையிலும் மஞ்சள். லேசான தீற்றல் என்று நினைக்காதீர்கள். குழைத்து, கட்டைவிரலால் அழுத்தி, நாலணா அகலத்துக்கு அப்பியிருக்கிறது. நகத்தால் சுரண்டினேன். ஆர்ட் பேப்பர் ஈரம் பட்டால் மேல்தோல் உரிந்துவிடும். மஞ்சளோடு தேதியும் வந்துவிட்டது. சாணிக் காகிதமாக இருந்தால் தப்பித்திருக்கும். நல்ல தரம் கேட்டீர்களே, அதுதான் காலை வாரியது.

கீழே ஓடினேன். மாமி காபி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"மாமி, இது என்னது?"

"மஞ்சள்டா. தெரியலையா?"

"எதுக்கு?"

"நன்னாருக்கே! வைகாசி பொறக்கற சமயத்துல ரத்தம் ரத்தம்னு செக்கச்செவேல்னு ஆயிரம் காகிதம் ஆத்துக்குள்ள வந்து எறங்கறது. அப்படியேவா ஊருக்குக் குடுக்கறது? எங்க சுலோக கிளாஸ் மாமிகள் பன்னண்டு பேரும் உக்காந்து, நாமாவளி சொல்லிண்டே தொட்டு வெச்சுட்டோம். நேத்திக்குப் பூரா தெருத்தெருவாப் போய் குடுத்தும் ஆச்சு. ஒண்ணு பாக்கியில்லை."

"தேதி, நேரம், இடம் எல்லாம் அந்த நாலு மூலையிலதானே மாமி இருந்தது!"

"அதை ஏண்டா மூலையில கொண்டு வெச்சே? அது மஞ்சள் வெக்கற எடம்னு உங்க காலேஜ்ல சொல்லித் தரலையா?"

"நடுவுல எடமில்லை. அண்ணாச்சி இருக்கார்."

"அவர் நெத்தி வெறிச்சுன்னு இருந்ததேன்னு ஒரு குங்குமமும் வெச்சேன்" என்றார் மாமி.

நான் மேலே வருவதற்குள் அண்ணாச்சியிடமிருந்து போன். படத்துக்குப் பொட்டு வைத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், தி.நகருக்கும் தெரியும். "தம்பி, என்னய்யா பண்ணி வச்சிருக்கீய? கடையே இன்னும் தொறக்கல, வாசல்ல ரெண்டு பேரு மாலையோட நிக்காவ! நான் சட்டரைத் தூக்குனதும் ஒருத்தரு அலறிட்டாரு!" என்று கத்துகிறார். வைத்துவிட்டேன். க்யூஆர் வழியாகப் பெயர் பதிந்தவர்கள் எத்தனை என்று பார்த்தேன். இரண்டு. ஒன்று நான். இன்னொன்று, வேலை செய்கிறதா என்று சோதிக்க நானே போட்டது. மாடிப்படியில் கீர்த்தி எதிரே வந்து, "அங்கிள், வண்டி எந்த எடத்துல நிக்கும்?" என்று கேட்டாள். நேராக வந்து இந்தக் கடிதத்துக்கு உட்கார்ந்துவிட்டேன். உங்களுக்கு இதைவிடச் சுருக்கமாக அறிக்கை தர எனக்குத் தெரியவில்லை.

இனி நான் செய்யப்போவது:

1. இன்றே செயற்குழுவிலிருந்து விலகுகிறேன். பதினாலு பெயரில் என் பெயரை அடித்துவிடவும்.
2. ரத்த வங்கிக்குப் போன் செய்து, வண்டி வர வேண்டாம் என்று உண்மையைச் சொல்லிவிடுவேன்.
3. தீபாவளி வரை கோமளம் மாமியோடு பேச்சு கிடையாது.
4. இனி இந்தச் சங்கத்துக்கு ஒரு பஸ் டிக்கெட் அளவு காகிதம்கூட அச்சடிக்க மாட்டேன்.

பெரியவர்களுக்கு என் வணக்கங்கள். குழந்தைக்கு என் ஆசீர்வாதம். அது வளர்ந்து எந்தச் சங்கத்திலும் சேராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஸ்ரீஹரி

பின்குறிப்பு: அதே நாள், சாயங்காலம். ஆபீஸ் போகும் அவசரத்தில் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நல்லதாகப் போயிற்று. திரும்பி வந்தால் கோமளம் மாமி வீட்டு வாசலில் செருப்புக் குவியல். உள்ளே மாமி காலண்டர் தாளின் பின்பக்கம் பெயர் எழுதிக்கொண்டிருக்கிறார். மஞ்சள் வைத்த காகிதத்தைக் குப்பையில் போட யாருக்கும் மனசு வரவில்லையாம். ஸ்வாமி படத்தருகே வைத்துவிட்டார்களாம். பார்க்கும்போதெல்லாம் உறுத்துகிறதாம். "நேர்ல வந்து பத்திரிகை குடுத்து அழைச்சப்பறம் எப்படிங்க போகாம இருக்கறது?" என்று ஒரு அம்மா என்னிடமே கேட்டார். இன்னொருவர், "முகூர்த்தம் எத்தனை மணிக்கு சார்? சாப்பாடு உண்டா?" என்றார். மூலையில் நான் எழுதியிருந்த எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. மாமிகள் வாயாலேயே சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள்.

அண்ணாச்சி, மாலையோடு வந்த இரண்டு பேரையும் பெயர் எழுதிக்கொண்டுதான் திருப்பி அனுப்பியிருக்கிறார். அவருடைய சகலை கடை ஆட்கள் எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறார். எனக்கே போன் செய்தார்: "மூஞ்சியப் போடல, சரி. கையையாவது போட்டியளே. அந்தக் கையிலயே குத்துங்க."

பட்டியல் ஐம்பதைத் தாண்டிவிட்டது. கீர்த்தி என் வாயைப் பிடுங்கி, வண்டி பிள்ளையார் கோயில் முனையில் நிற்கும் என்று தெரிந்துகொண்டு போய்விட்டாள். எனக்கு இன்னமும் எரிச்சல்தான். ஆனால் மேலே உள்ள நாலையும் ரத்து செய்து இவற்றைப் படிக்கவும்:

1. ரத்த வங்கிக்குப் பெயர்களை அனுப்பியாகிவிட்டது. நாற்காலி போதாது, உங்கள் வீட்டுச் சாவி எங்கே என்று, விதியை ஒருநாள் மறந்து, இது கிடைத்ததும் போனில் சொல்லவும்.
2. ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் சாப்பாடு. வேறு வழியில்லை, பத்திரிகை கொடுத்துவிட்டோம்.
3. அடையாறு பக்கம் கொடுக்க இன்னும் ஐந்நூறு வேண்டும் என்று மாமி உத்தரவு. ஷரஃபுதீன் பாயிடம் சொல்லிவிட்டேன், சாணிக் காகிதத்திலேயே அடிக்கச் சொல்லி. நாலு மூலையையும் காலியாக விடச் சொல்லியிருக்கிறேன்.