'தொடாதீங்க' அண்ணனின் வீரக்கல்

அரிப்பெடுத்தால் தன் முதுகைச் சொறியக்கூடத் தனக்கே அனுமதி கொடுக்காத மனிதர் மதுரை ஜில்லாவில் ஒருவர்தான் இருந்தார். எங்கள் 'தொடாதீங்க' அண்ணன்.

எழுபதுகளில் அழகர்கோவில் மலையடிவாரத்தில், ஒற்றை ஹாலில் ஒரு மியூசியம் இருந்தது. நான் டிக்கெட் கிழிப்பவன், அவர் காவலர். உள்ளே நாலு முதுமக்கள் தாழி, துருப்பிடித்த வாள்கள், நடுவில் ஆளுயரத்துக்கு ஒரு வீரக்கல். சாமி கும்பிட்டு, தோசை தின்ற கையோடு வருகிறவர்கள் நேரே தாழியைத் தடவுவார்கள். "தொடாதீங்க!" என்று ஹாலே அதிரும். ஒருநாள் தாழிமேல் குரங்கு ஏறி உட்கார்ந்துகொண்டது. அதற்கும் மரியாதை குறையாமல், "தொடாதீங்கன்னு சொல்றேன்ல, இறங்குங்க!" என்றார்.

வீரக்கல்தான் அவருக்கு உயிர். மேலூர்ப் பக்கம் கண்மாய்க்கரையில் துணி துவைக்கிற கல்லாகக் கிடந்ததை, ஊர்க்காரர்களிடம் கேட்டு மாட்டுவண்டியில் கொண்டுவந்தவர் அவரே. நிறுத்திவைத்தபின் அவரும் தொட்டதில்லை. மயிலிறகால்தான் தூசி தட்டுவார். கூட்டம் வந்ததே அந்தக் கல்லைப் பார்க்கத்தான். அதுவும் இல்லாவிட்டால் ஹாலை விடுதியாக்கிவிடலாம் என்று மேலதிகாரி வேறு சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"மாடு திருட வந்தவங்கள மறிச்சு, ஊரக் காத்துச் செத்தவன்யா இவன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் ஊர்ப்பேரோடு சொல்லுவார். வாய் சும்மா இருந்ததா? பேச்சு அந்த ஊருக்கும் போய்ச் சேர்ந்தது. அந்த வருஷம் பார்த்து மழையும் பொய்த்தது. ஒருநாள் கடப்பாரையும் வடக்கயிறுமாக ஊரே லாரியில் வந்து இறங்கிவிட்டது.

"எங்க காவல்சாமிய வேடிக்கை காட்டியா பொழைக்கிறீக? அதான் மழை இல்ல!" என்றார் முன்னால் நின்ற மீசைக்காரர்.

"போன வருசம் வரைக்கும் அதுமேலதானய்யா வேட்டி துவைச்சீக!" என்றார் அண்ணன்.

"சாமின்னு எங்களுக்குத் தெரியுமா? நீங்கதான சொன்னீக!"

அண்ணன் கல்லுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றார். அப்போதும் முதுகு படாமல் ஒரு சாண் தள்ளித்தான் நின்றார், பாவி மனுஷன்! பின்பக்கமாக ஒருவன் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான். கல் ஆடியது. முன்னால் சாய்ந்தது. விழுந்தால் ரெண்டு துண்டுதான்.

அண்ணன் திரும்பி அப்படியே கட்டிப்பிடித்தார். கால் வழுக்கியது, கல் அவரையும் சேர்த்து அழுத்தியது. "புடிங்கடா, ஆளு செத்துருவாரு!" என்று அலறிய மீசைக்காரர்தான் முதலில் தோள் கொடுத்தார். பிறகு எல்லோரும், நானும்தான். நிமிர்த்தி நிறுத்தியபோது அண்ணன் சட்டை கிழிந்து, நெஞ்செல்லாம் ரத்தம்.

மீசைக்காரர் தன் துண்டால் ரத்தத்தைத் துடைத்துவிட்டார். "சாமி இங்கனயே இருக்கட்டும்ணே. எங்களவிட நீங்க நல்லாப் பாத்துக்கிருவீக. ஆடியில ஒருநா வந்து எண்ணெ தேச்சு, பொங்க வச்சிட்டுப் போறோம்."

அண்ணன் ரொம்ப யோசித்தார். "ஒருநா மட்டும் தொட்டுக்கங்க" என்றார். "கையக் கழுவிட்டு."

மியூசியம் பிழைத்தது. அவர் ஓய்வுபெற்ற அன்று நல்ல சித்திரை வெயில். "இன்னிக்காவது ஒரு தடவ தொட்டுட்டுப் போங்கண்ணே" என்றேன்.

"ஆடி இன்னும் வரலையே மாப்ள" என்றவர், என் கையைப் பிடித்துக்கொண்டார். சிம்மக்கல் பஸ் வரும்வரை விடவே இல்லை.