முற்றத்தில் வேர் தோண்டியவர்

எந்தச் சொல்லைக் கண்டாலும் அதன் வேரைத் தோண்டிப் பார்க்காமல் சோறு இறங்காத ஓர் இனம் உலகத்தில் உண்டு. அவர்களிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டுப் பாருங்கள். தண்ணீர் வராது, ஆங்கிலத்துக்கு 'வோட்டர்' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்ற வரலாறு வரும். நீங்கள் விக்கிச் சாகலாம், வரலாறு நிற்காது.

தென் லண்டனில், மிச்சம் என்ற ஊரில், கவுன்சில் எனப்படும் நகரசபையின் குடியிருப்பொன்றின் முதலாம் மாடியில் வசிக்கும் தியாகராஜா இந்த இனத்தவர். குடியிருப்புக்குப் பின்னால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு முற்றம். அவருடைய மனைவி சிவமலர் சாடிகளில் மிளகாய்க் கன்று வளர்ப்பதும், வெயில் கண்ட அன்று மோர்மிளகாய் காயவைப்பதும், உக்ரேன்காரி ஒக்சானாவோடு பாதி ஆங்கிலத்திலும் பாதி கையாலும் கதைப்பதும் அங்கேதான். அந்த இடத்தில் குப்பைத்தொட்டிக் கொட்டகை கட்டக் கவுன்சில் யோசித்தது. கூட்டத்துக்கு வந்து ஒருவர் மறுப்புச் சொல்லலாம், ஐந்தே நிமிடம். ஆங்கிலம் சரளமாக வரும் என்று எல்லோரும் தியாகராஜாவைப் பிடித்தார்கள்.

பிடித்ததோடு நின்றிருக்கலாம். முற்றத்தைக் காப்பாற்றச் சொல்லி வந்த ஒக்சானா, பேச்சுவாக்கில் அதைத் தன் மொழியில் 'த்வீர்' என்றாள். கீழ்வீட்டுப் பல்கேரியர் 'த்வோர்' என்றார். எதிர்வீட்டுச் செக் நாட்டுக்காரர் 'த்வூர்' என்றார். தியாகராஜாவுக்கு அன்று சோறு இறங்குமா?

"கேட்டீரோ சிவமலர், மூண்டு நாட்டுக்கும் ஒரே சொல்லு. எல்லாம் எங்கட துவாரம், வாசல் எண்ட சொல்லு."

"துவாரம் வடமொழியெல்லோ?"

"அதுவும் எங்களிட்டை இருந்து போனதுதான்."

"சரியப்பா. நாளைக்கு என்ர சாடியளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கோ."

"ஓம், ஓம்."

மறுநாள் கூட்டத்தில் பேச எழுந்தார். அந்த மூன்று நாட்டாருக்கும் மூதாதையரான சிலாவியர் குதிரை பூட்டிப் புறப்பட்ட காலத்தில் தொடங்கி, வாசலுக்கு இருந்த பெயர் முற்றத்துக்கு எப்படித் தாவியது என்று விளக்கி, ஆறு கடந்து மலை ஏறி இறங்கி, மிச்சம் வந்து சேருமுன் மணி அடித்துவிட்டது. கொட்டகை? மூச்சுக் காட்டவில்லை. தலைமை வகித்த அம்மையார் மிகவும் ரசித்து, இன்றைக்குப் புதிதாக ஒன்று கற்றுக்கொண்டேன் என்று கைகொடுத்தார். பிறகு, மறுப்பு எதுவும் இல்லையென்று கொட்டகைக்குக் கூட்டம் ஒருமனதாக அனுமதி அளித்ததாக அறிவித்தார்.

"எங்கட சொல்லு கவுன்சில் வரைக்கும் போயிட்டுது" என்றபடி தியாகராஜா வீட்டுக்குள் வந்தார்.

"முற்றம்?"

அவர் அகராதியைத் தேடப் போனார். சிவமலர் சண்டை பிடிக்கவில்லை. கீழே போய், ஒக்சானாவோடு சாடிகளை ஒவ்வொன்றாக மாடிக்குத் தூக்கினாள். இரண்டு பெண்களும் எந்த மொழியிலும் பேசவில்லை. பார்க்கவே பாவமாக இருந்தது. படிக்கட்டில் வழிமறித்து நின்ற தியாகராஜா, சாடிக்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று ஒக்சானாவைக் கேட்டார்.

இப்படியும் ஒரு மனிதனா என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் வெயில் படாத மாடியில் அந்த மிளகாய்க் கன்றுகள் பிழைத்தனவா என்று நீங்களும்தான் இன்னும் கேட்கவில்லை. துவாரத்துக்கும் த்வோருக்கும் உண்மையிலேயே உறவு உண்டா என்றல்லவா யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள்?