பதின்மூன்றாம் மாத ரொட்டி

டிசம்பர் மாதத்துக்கு 13 என்று எண் வந்ததைப் பார்த்து, மாப்பிள்ளை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான். 13-தான்.

மாமனாரின் ரொட்டித் தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளைதான். சான்றிதழ்களில் வேறு பேர் இருக்கலாம். அதைக் கேட்டவர்கள் யாருமில்லை.

ரொட்டிப் பாக்கெட்டுகளின் மேல் 'இந்தத் தேதிக்குள் சாப்பிடவும்' என்று அச்சடிப்பது, கீழே குளிரூட்டிய அறையில் இருக்கும், யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் ஒரு பழைய கம்ப்யூட்டர் மெஷின். அதற்குள் ஓடுவது எந்தப் புண்ணியவானோ சி மொழியில் எழுதிவைத்துப் போன புரோகிராம். இப்போது வேறொரு கம்பெனியின் யூனிக்ஸோடு புது மெஷின் வாங்கியாயிற்று. வாங்கிக் கொடுத்தது சகலை, அதாவது வீட்டின் மூத்த மருமகன். பழைய புரோகிராமைப் புது மெஷினுக்குத் தோதாக மாற்றுவது இவன் பொறுப்பு.

"நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள ஓடிச்சுன்னா கம்ப்யூட்டர் செக்‌ஷன் உங்க கையில. இல்லேன்னா பெரிய மாப்பிள்ளையே பார்த்துக்கட்டும்" என்று நேற்று சாப்பாட்டு மேஜையில், அத்தனை பேர் முன்னாலும் மாமனார் சொல்லிவிட்டார். மனைவி தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மாமனார் சொன்னதைவிட அதுதான் அவனுக்குச் சுருக்கென்றிருந்தது.

கை கழுவும் இடத்தில் சகலை, புது மெஷினோடு வந்த ஒரு தடிப் புத்தகத்தை அவனிடம் நீட்டினார். "மெஷின் வந்து இறங்கிருச்சு சகலை. பழைய மெஷினோட பேரு, பாஸ்வேர்டு ரெண்டுமே இதுக்கும். உங்களுக்கும் குழப்பம் இருக்காது பாருங்க."

காலையில் மாடி அறைக்கு வந்து, அங்கிருந்த கம்ப்யூட்டரில் அந்தப் பேரையும் பாஸ்வேர்டையும் தட்டி, கீழே இருக்கும் மெஷினுக்குள் போனான். புது மெஷின் என்பதால் பயமே இல்லை. அதை நாளைக்குத்தானே வேலைக்கு விடப்போகிறார்கள்? இன்றைக்கு எதை உடைத்தாலும் கேட்பாரில்லை. கதவைத் தாழிட்டு, மேஜை போனின் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

'மாதங்கள் பூஜ்யத்திலிருந்து எண்ணப்படும்' என்றது புத்தகம். ஒன்று கூட்டினான். புண்ணியவான் ஏற்கெனவே கூட்டிவைத்திருந்தார் போலிருக்கிறது. அப்படி வந்ததுதான் இந்தப் பதின்மூன்று.

கூட்டியதைக் கழித்தான். 'வருஷங்கள் 1900-லிருந்து எண்ணப்படும்' என்றது அடுத்த பக்கம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்தைச் சேர்த்தான். ரொட்டி இன்னும் பத்தொன்பது நூற்றாண்டுக்குக் கெடாது என்று வந்தது.

கதவு தட்டப்பட்டது. வெளியே பாக்கிங் அக்கா, பாக்கெட் கட்டும் கூடத்துக்குப் பொறுப்பானவர்.

"மாப்பிள்ளை! தேதி சரியாச்சான்னு முதலாளி கேக்கறாரு!"

"ஆயிட்டே இருக்குன்னு சொல்லுங்கக்கா!"

நேற்றுதான் வேலையைக் கொடுத்தார், அதற்குள் ஆளனுப்பி விசாரிக்கிறார். அவ்வளவு அக்கறை! மாப்பிள்ளைக்கு உள்ளூர ஒரு பூரிப்பு. அந்தப் பூரிப்பில், நேர வித்தியாசத்துக்காக மணியைக் கழிக்கவேண்டிய இடத்தில் நாட்களைக் கழித்துவிட்டான். அடுப்பிலிருந்து இறங்காத ரொட்டி போன வாரமே கெட்டுப்போயிருந்தது.

செல்போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, அப்பா காலையிலேர்ந்து போன்ல யார்கிட்டயோ கத்திட்டே இருக்காராம். அம்மா பயப்படறாங்க."

"உங்கப்பா என்னைக்கு கத்தாம இருந்தாரு?"

"இன்னிக்கு கொஞ்சம் ஜாஸ்தியாம். நீங்க அதையெல்லாம் காதுல போட்டுக்காதீங்க. எப்படியாவது முடிச்சிடுங்க. எங்கக்கா முன்னாடி நான் ஒரு தடவையாவது தலை நிமிர்ந்து உக்காரணும்."

இவளுக்காகவாவது முடித்தே தீரவேண்டும்.

இந்தக் கூட்டல் கழித்தலே வேண்டாம் என்று எல்லாவற்றையும் அழித்தான். தேதியை அழகாக எழுதித் தருவதற்கென்றே சி மொழியில் ஒரு தயார் ஃபங்ஷன் இருக்கிறது. அதைப் போட்டான். அதற்குள் இன்றைய நேரத்தைப் போட மறந்தான். காலி பாத்திரத்தை நீட்டியதும் அது 1970 ஜனவரி ஒன்றாம் தேதியைத் துப்பியது. யூனிக்ஸுக்கு உலகம் பிறந்தது அன்றைக்குத்தான். மாப்பிள்ளை பிறப்பதற்கு முன்பே ரொட்டி பூசணம் பூத்துவிட்டது.

"மாப்பிள்ளை!" அக்காவின் குரல் இந்த முறை அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது. "முதலாளி தையத்தக்கான்னு குதிக்கிறாரு. தேதி சரியாகுமா ஆகாதான்னு ஒரே வார்த்தையில சொல்லணுமாம்!"

"ஆகும்! சாயங்காலம் வரைக்கும் டைம் குடுத்தாருல்ல? அதுக்குள்ள எதுக்கு அவசரம்?"

"அதையும் அப்படியே சொல்லிடறேன்" என்று அக்கா படியிறங்கிப் போனார்.

மாப்பிள்ளை ஜன்னலோரம் போய் நின்றான். காலையில் போன வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. அதற்குள் விற்றுத் தீர்ந்துவிட்டதா! ஊரே ரொட்டி தின்கிறது, தான் மட்டும் இங்கே திண்டாடுகிறோமே என்று தன்மேலேயே இரக்கப்பட்டான்.

கடைசியில் அலுத்துப்போய், தான் செய்த மாற்றங்களையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, புண்ணியவான் எழுதியதை ஒரு புள்ளிகூட மாற்றாமல் ஓடவிட்டான். நாள், மாதம், வருஷம் எல்லாம் சுத்தமாக வந்தன. இன்னொரு முறை ஓட்டினான். அதேதான்.

நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினான். பழைய புரோகிராம் புது மெஷினில் அப்படியே ஓடுகிறது! இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு பொறுமை வேண்டும்! உடனே மனைவியைக் கூப்பிட்டான்.

"முடிஞ்சிருச்சும்மா! உங்கக்கா வீட்டுக்காரர் இனிமே நம்மகிட்டதான் டவுட் கேக்கணும்!"

"நிஜமாவாங்க?" அந்தப் பக்கம் அவள் அழுதாள், சிரித்தாள். "அப்பாகிட்ட சொல்லியாச்சா?"

"இப்பவே போறேன்."

தலையைச் சீவிக்கொண்டு கதவைத் திறந்தான். வாசலில் எலக்ட்ரீஷியன், தோளில் ஒயர்ச் சுருளோடு தயங்கித் தயங்கி நின்றிருந்தார்.

"சார், முதலாளி கீழ இருக்கிற கோபத்துல அவர்கிட்ட கேக்கவே பயமா இருக்கு, நீங்களாவது சொல்லுங்க. புது மெஷினை இன்னும் அட்டைப்பெட்டியிலேர்ந்தே எடுக்கலை, அதுக்கு பிளக் பாயின்ட் எந்தச் சுவத்துல வைக்கட்டும்?"