மேசைக்கு எல்லைக்கோடு

பேனா ஸ்டாண்டு இன்றும் மேசை விளிம்புக்கு வந்திருந்தது. கேடயம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. 'சிறந்த நிர்வாகி' என்று பொறிக்கச் சொல்லி மேலாளரே செய்யக் கொடுத்து, அவரே பெற்றுக்கொண்ட கேடயம்.

தான் இல்லாதபோது யாரோ தன் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். யாரோ என்ன, துணை மேலாளர்தான். தினமும் சிரித்த முகமாக வணக்கம் சொல்கிற ஆள். காரணமில்லாமல் யாராவது சிரிப்பார்களா?

மேலாளர் எலெக்ட்ரீஷியனை வரவழைத்தார். மேசையின் முன்விளிம்பிலும், மேலே உள்ள ஒவ்வொரு சாமானைச் சுற்றியும் எல்இடி ஸ்ட்ரிப் ஒட்ட வேண்டும். எது இம்மி நகர்ந்தாலும் கோடு காட்டிக்கொடுத்துவிடும். வெளியே கேட்டவர்களிடம் 'நவீனமயம்' என்று சொல்லிவைத்தார்.

ஸ்ட்ரிப் மூலைகளில் திரும்ப மறுத்தது. குறி போட்ட இடத்தில்தான் வெட்டவேண்டும் என்று எலெக்ட்ரீஷியன் சொல்லச் சொல்ல, மேலாளர் தன் இஷ்டத்துக்குக் கத்தரியை வைத்தார். பாதி மேசை இருண்டது. அதைச் சரிசெய்தால் போன் பக்கம் பெயர்ந்தது. போன் பக்கம் அமுக்கினால் கேடயத்துப் பக்கம் எழும்பியது.

"உன்னை யாராவது தனியா பார்த்துப் பேசினாங்களா?" என்றார் மேலாளர்.

"பசை பத்தலை சார். அவ்வளவுதான்."

கடைசியில் பலகையையே பிடித்துக்கொள்ளும் கெட்டிப் பசை வந்தது. சாயங்காலம்வரை காயாது, யாரும் தொடக்கூடாது என்று எச்சரித்துவிட்டு எலெக்ட்ரீஷியன் பக்கத்து அறை மின்விசிறியைப் பார்க்கப் போனார். மேலாளர் அதை அலுவலகம் முழுக்க உத்தரவாக அறிவித்தார். பிறகு கதவைச் சாத்தி, ஷூவைக் கழற்றிவிட்டு, வழக்கமான மதிய ஆலோசனையில் ஆழ்ந்தார்.

ஆலோசனை முடிந்து நிமிர்ந்தால், பேனா ஸ்டாண்டு கவிழ்ந்து கிடந்தது. கேடயம் சுவரைப் பார்த்தது. முன்விளிம்பு ஸ்ட்ரிப்பைக் காணவே காணோம்.

எழுந்திருக்கக்கூட இல்லை, உட்கார்ந்தபடியே மணியை அடித்தார். எல்லாரும் வரிசையாக நின்று உள்ளங்கையை நீட்டினார்கள். துணை மேலாளரின் விரலில் பசை பளபளத்தது.

"இது என்ன?"

"கவர் ஒட்டினேன் சார்."

"இன்னையோட நீங்க சஸ்பெண்ட்."

துணை மேலாளர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். "நான் இந்த ரூமுக்குள்ளயே வரலை சார். நீங்க எப்போ வெளியே போனீங்க?"

"நான் எங்கேயும் போகலை. கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டு இங்கேயேதான் இருந்தேன்."

"அப்போ உங்க கண் முன்னாடி நான் எப்படி சார் எடுத்தேன்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

சஸ்பென்ஷன் உத்தரவை எழுத மேலாளர் பேனாவைத் தேடினார். இதற்குள், மணிச் சத்தம் கேட்டுப் பக்கத்து அறையிலிருந்து வந்த எலெக்ட்ரீஷியன், அறுந்த ஸ்ட்ரிப் போன வழியைத் தேடிக்கொண்டு மேசைக்கு அடியில் நுழைந்திருந்தார். அங்கிருந்து நிதானமாகக் குரல் வந்தது:

"சார், அந்த வலது காலைக் கொஞ்சம் தூக்குங்க, ஸ்ட்ரிப் உங்க சாக்ஸுல ஒட்டியிருக்கு. மேசை மேல கால் நீட்டித் தூங்கறவங்களுக்கு இந்தப் பசை சரிவராது."