தேர் என்கிற சைக்கிள்

சாலை பொதுமக்கள் அனைவருக்கும் சொந்தமானது. இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. அனைவருக்கும் சொந்தமானதை அப்படியே விட்டுவைத்தால் அனைவரும் அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிடுவார்கள் என்பதால், காஞ்சிபுரத்தில் சாலைச் சமநிலைப் பிரிவு என்று ஓர் அலுவலகம் ஏற்படுத்தப்பட்டது. அதில் ஓர் இணை ஒருங்கிணைப்பாளர், ஓர் ஏசி, ஒரு தரவு உதவியாளர் ஆகியோர் இருந்தனர். முதல் இரண்டும் நிரந்தரம். தரவு உதவியாளர் தற்காலிகம். அது நான்.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். அப்பா குமாரசாமி பட்டு நெய்பவர். அவர் எங்கள் தேரடித் தெரு முழுக்க, "எம் பையன் லோகேஷு ரோடு ஆபீசர்" என்று சொல்லிவைத்திருந்தார். எந்த ரோடு என்று யாரும் கேட்கவில்லை. திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தால்தான் என் வேலை நீடிக்கும், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்பதை நானும் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் உண்மை அப்படியே பத்திரமாக இருந்தது.

திட்டம் இதுதான்: தேரடித் தெருவைக் கார், பேருந்து, சைக்கிள் மூன்றுக்கும் நியாயமாகப் பிரித்துக் கொடுப்பது. வெளிநாட்டில் எல்லா ஊரிலும் செய்துவிட்டார்களாம். திட்டத்தின் அட்டைப் படத்தில் கூடையில் பூ வைத்து சைக்கிள் ஓட்டிப் போகும் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி இருந்தார். உள்ளூர்ப் பண்பாட்டை மதிக்கும் வகையில் அவருக்குக் கம்ப்யூட்டரில் பட்டுப்புடவை கட்டிவிடும் பொறுப்பு எனக்கு வந்தது. முந்தானை பின் சக்கரத்தில் சிக்காமல் கட்டிவிட இரண்டு நாள் ஆனது. அந்தப் பிரிவில் நான் செய்த வேலைகளில் இன்றுவரை எந்தக் குறையும் சொல்ல முடியாத வேலை அது ஒன்றுதான்.

அடுத்து, தெருவைப் பற்றிய விவரங்களை ஆங்கிலத்தில் சென்னைக்கு அனுப்பச் சொன்னார்கள். தெருமுனைப் பெயர்ப்பலகையில் ஆங்கிலத்தில் 'கார் ஸ்ட்ரீட்' என்றுதான் இருக்கிறது. கோயில் அழைப்பிதழிலும் தேர்த் திருவிழா 'கார் ஃபெஸ்டிவல்'தான். அகராதியில் 'தேர்' என்ற சொல்லைப் பார்த்தேன். அதிலும் கார்தான். ஆங்கிலத்தில் எனக்கிருக்கும் பயத்தால் எதையும் சொந்தமாக எழுதுவதில்லை. எனவே எழுதினேன்: இத்தெருவின் பாரம்பரிய வாகனம் கார். எண்ணிக்கை ஒன்று. அகலம் இருபது அடி. எரிபொருள் இல்லை.

சென்னையிலிருந்து ஆலோசகர் தேவிப்ரியா மேடம் காணொலியில் வந்தார். எங்கள் ஊருக்கு இதுவரை வந்ததில்லை என்றாலும், ஊரின் செயற்கைக்கோள் படத்தை நன்கு அறிந்தவர்.

"லோகேஷ், ஒரே ஒரு கார்தானா?"

"பாரம்பரியமா ஒண்ணுதான் மேடம்."

"இருபதடி அகலமா? எஸ்யூவியா இருக்கும். இப்பல்லாம் பெருசு பெருசாத்தான் வருது. எரிபொருள் இல்லன்னு போட்டிருக்கீங்களே, எலெக்ட்ரிக்கா?"

"இல்ல மேடம். ஜனங்க இழுப்பாங்க."

"ஓ, பிரேக்டவுனா?"

"இல்ல மேடம், வருஷா வருஷம் இழுப்பாங்க."

"வருஷா வருஷம் பிரேக்டவுனா?"

"மேடம், அது வந்து தேரு..."

"உங்க வாய்ஸ் கட் ஆகுது."

திரும்பிப் பார்த்தேன். எங்கள் இணை ஒருங்கிணைப்பாளர் ராமராஜன் சார் என் மைக்கை அணைத்திருந்தார்.

மேடம் கணக்குப் போட்டார். காரின் அகலம் இருபதடி. உரசாமல் போக இரண்டு பக்கமும் ஐந்தைந்து அடி. ஆகக் கார் பாதை முப்பதடி. தெருவே நாற்பதடிதான். மீதிப் பத்தில் பேருந்துக்கு ஐந்து, சைக்கிளுக்கு ஐந்து. மூவருக்கும் பாதை கிடைத்துவிட்டதால் இது சமநிலை.

"சார், பஸ்ஸே எட்டடி இருக்குமே" என்றேன்.

"பஸ்ஸுக்கு எடம் குடுத்தோமா இல்லியா? அதுல நுழையறது டிரைவர் சாமர்த்தியம்பா."

"ஷேர் ஆட்டோ?"

சார் யோசித்தார். "அது காரா?"

"இல்ல சார்."

"பஸ்ஸா?"

"இல்ல சார்."

"சைக்கிளா?"

"இல்ல சார்."

"அப்ப அது இல்ல."

தெருமுனையில் நின்று ஐயம்பேட்டைக்கு ஆள் ஏற்றும் பாண்டியன் அண்ணனிடம் இந்த முடிவை நேரில் தெரிவிக்கும் பணி எனக்குத் தரப்பட்டது. அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நான் இல்லவே இல்லன்ற. செரி. அப்ப எனக்கு ஃபைனு போட முடியாதுல்ல?"

"அது... கேட்டுச் சொல்றேன்ணா."

"நல்லா கேட்டுனு வா. இல்லாதவன் கேட்டான்னு சொல்லு."

எனக்கு மனசு கேட்கவில்லை. படித்தவன் பார்த்துக்கொண்டே தவறு நடக்கக் கூடாது அல்லவா? மறுநாள் சாரிடம் போய், "சார், அந்தக் கார் காரில்லை, நம்ம கோயில் தேர்னு மேடத்துக்குத் தெரியாது" என்றேன்.

"எனக்குத் தெரியுமே. நான் பொறந்து வளந்ததே இந்த ஊர்லதான்."

"அப்ப மேல சொல்லிடலாமா சார்?"

"சொன்னா அளவு மாறும். அளவு மாறினா வரைபடம் மாறும். வரைபடம் மாறினா திட்டம் திரும்பி வரும். திட்டம் திரும்பி வந்தா நீ வீட்டுக்குத் திரும்பிப் போவ. சொல்லட்டுமா?"

அன்று முழுக்க யோசித்தேன். வேலையும் போகக் கூடாது, உண்மையையும் மறைக்கக் கூடாது. ஒரே வழிதான் தெரிந்தது. உதவியாளராக இல்லாமல், தேரடித் தெருவில் குடியிருக்கும் பொதுஜனமாக ஓர் ஆட்சேபணை எழுதினேன். கார் வேறு, தேர் வேறு என்று தெளிவாக விளக்கி, கையெழுத்திட்டு, வியர்த்து, சாரின் மேஜையில் வைத்தேன்.

அவர் படித்தார். எழுந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"இதத்தான்பா நான் தேடிக்கினு இருந்தேன்! மக்கள் கருத்து கேட்டதுக்கு ஆதாரம் கேக்கறாங்க. ஊருல ஒருத்தன்கூட எதிர்க்கல. யாருமே எதிர்க்காத திட்டத்த மேலிடத்துல சந்தேகப்படுவாங்கல்ல? ஃபைலு அப்டியே நின்னுக்கினு இருந்துச்சி. நீ காப்பாத்திட்ட."

ஆட்சேபணை ஒன்று பெறப்பட்டது, பரிசீலிக்கப்பட்டது, நிராகரிக்கப்பட்டது. ஒரு வாரத்தில் திட்டத்துக்கு ஒப்புதல் வந்துவிட்டது. ஆட்சேபித்த திரு. லோகேஷ் அவர்களுக்கு நிராகரிப்புக் கடிதம் தயாரிக்கும் பொறுப்பு, தரவு உதவியாளர் என்ற முறையில், என்னிடம் வந்தது. 'தங்களின் மேலான ஆர்வத்துக்கு இப்பிரிவு நன்றி தெரிவிக்கிறது' என்று எனக்கே எழுதி, எனக்கே பதிவுத் தபாலில் அனுப்பினேன். அப்பா கையெழுத்துப் போட்டு வாங்கி, பிரிக்காமல் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, "கவர்மெண்டுலேந்து லெட்டரு வந்துக்குதுடா" என்று கற்பூரம் ஏற்றினார். என் நேர்மைக்குக் கிடைத்த ஒரே மரியாதை அது.

வேலை நீடித்தது, ஆனால் சோதனை அடிப்படையில். தேர்த் திருவிழா சச்சரவு இல்லாமல் முடிந்தால் நிரந்தரத்துக்குப் பரிந்துரை. அதாவது, தேர் நிலைக்கு வந்து சேர்ந்தால் நானும் நிலைத்துவிடுவேன்.

தெருவில் கோடு போட்டார்கள். சைக்கிள் பாதைக்குக் கிளிப்பச்சை நிறம். காய்ந்ததும் பட்டுக்கடைக்காரர்கள் தங்கள் புடவை கட்டிய பொம்மைகளைக் கொண்டுவந்து அதில் நிறுத்தினார்கள். பின்னணி எடுப்பாக இருக்கிறதாம். பேருந்துப் பாதையில் இளநீர் வந்தது. பேருந்து மட்டும் வரவில்லை. 'கார் மட்டும்' என்று எழுதிய முப்பதடியில் முதல் நாள் இரண்டு கார்கள் நின்றன. மறுவாரம் தெரு நிறைந்துவிட்டது. நிறுத்த இடமில்லாததால் இதுவரை கார் வாங்காமல் இருந்தவர்கள்கூட வாங்கினார்கள். ஊர் முழுவதிலும் இருந்து கார்களைக் கொண்டுவந்து இங்கே விட்டுவிட்டு, மீதித் தூரத்தை ஆரோக்கியமாக நடந்தார்கள். அந்த நடை, மக்களின் வாழ்க்கைமுறை மாற்றம் என்ற தலைப்பில் எங்கள் காலாண்டு அறிக்கையில் சேர்க்கப்பட்டது.

அப்பாவுக்குத்தான் குழப்பம். பட்டு மூட்டையை சைக்கிளில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, "நான் எதுலடா போறது?" என்று கேட்டார்.

"பச்சைல போங்கப்பா."

"பச்சைல ஒரு பொம்மனாட்டி நிக்குதேடா."

"அது பொம்மைப்பா."

"இருக்கட்டுமே, புதுப் புடவ கட்டிக்கினு நிக்குது. மோதினா அழுக்காவாதா?" என்றவர், சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார்.

திருவிழா நெருங்கியது. விழாக் குழுத் தலைவர் முனுசாமி, குழுவோடு அலுவலகத்துக்கு வந்தார்.

"சார், தேரு போற வழியெல்லாம் காரா நிக்குது. எடுக்கச் சொல்லணும்."

"அது கார் பாதை. கார் நிக்கத்தான் செய்யும். உங்க தேருக்கு இஞ்சின் இருக்குதா?"

"இல்ல."

"நம்பர் பிளேட்டு?"

"தேருக்கா?"

"அப்ப எதால ஓடுது?"

"ஜனங்க வடம் புடிச்சி இழுக்கறாங்க."

"மனுஷ பலத்துல ஓடற வண்டின்றீங்க." சார் விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினார். "மனுஷ பலத்துல ஓடற வண்டிக்குப் பச்சைப் பாதை. மணி இருக்குதா?"

"சுத்தியும் மணி கட்டியிருக்குது சார். ஊரே கேக்கும்."

"அப்பறம் இன்னா? சைக்கிளேதான்."

முனுசாமி என்னைப் பார்த்தார். நான் ஏசியைப் பார்த்தேன்.

"யோவ், பச்சப் பாத அஞ்சடி! தேரு இருபதடி!"

"பாத சரியாத்தான் இருக்குது. உங்க சைக்கிள் அகலமா இருந்தா பிரிவு இன்னா பண்ணும்?"

கடைசியில் சமரசம் ஏற்பட்டது. தேர் என்கிற சைக்கிள், தன் இடப்பக்கச் சக்கரங்களைப் பச்சைப் பாதையிலும், எஞ்சிய பாகங்களைக் கார் உரிமையாளர்களின் ஒத்துழைப்போடு கார் பாதையிலும் வைத்துச் செல்லலாம் என ஆணை வெளியிடப்பட்டது. தட்டச்சு செய்தது நான். ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை.

தேர் நாள். நாயனமும் மேளமும் சேர்ந்து முழங்க, ஆயிரம் பேர் வடம் பிடித்திருந்தோம். அப்பா எனக்கு முன்னால். ராமராஜன் சார் நாலு ஆள் தள்ளி, நெற்றி நிறைய விபூதியோடு. தேர் கிளம்பியது. சிறிது தூரம் அழகாக வந்து, கார் வரிசை தொடங்கும் இடத்தில் நின்றுவிட்டது.

முனுசாமி மைக்கைப் பிடித்தார். "பக்தகோடிகளே! வெள்ளைக் கலரு காரு, கோயில் வாசல்ல நிக்கறது, யாருதா இருந்தாலும் தயவு செஞ்சி எடுக்கவும்."

யாரும் அசையவில்லை. எனக்குப் பின்னால் இருந்தவர் பக்கத்து ஆளிடம் மெதுவாகச் சொன்னார்: "என்னுதுதாம்பா. எடுக்கலாம். வடத்த விட்டா இந்த எடம் போயிடும். காரை எடுத்தா அந்த எடம் போயிடும்."

"கம்முனு இரு. பக்கத்துல நிக்கற கருப்பு என்னுது."

சிவப்புக் கார் அழைக்கப்பட்டது. சாம்பல் நிறம் அழைக்கப்பட்டது. 'அரசுப் பணி' என்று எழுதிய ஜீப் அழைக்கப்பட்டபோது ராமராஜன் சார் கண்ணை மூடிச் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தார். கூட்டத்துக்குக் கோபம் ஏறியது. "சாமி வர்ற வழியில காரு வுட்டுக்கினு, மனுஷங்களாய்யா நீங்கள்ளாம்!" என்று கத்தினார்கள். கார் வைத்திருந்தவர்கள்தான் அதிகம் கத்தினார்கள்.

"கடேசியா ஒண்ணு" என்றார் முனுசாமி. "தேர்ச் சக்கரத்துக்கு நேரா, பச்சைப் பாதையில ஒரு ஸ்கூட்டர் நிக்குது. 'வண்டி நிறுத்தாதீர்'ன்ற பலகைக்குக் கீழயே நிறுத்தி வச்சிக்கிறான் ஒரு மகானுபாவன்."

அந்தப் பலகையைக் காலையில் ஏற்றிவந்தது அந்த ஸ்கூட்டரில்தான். பலகையை நட்டுவிட்டு, வெயிலாக இருக்கிறதே என்று அதன் நிழலில் நிறுத்தியிருந்தேன்.

அப்பா திரும்பிப் பார்த்தார். "லோகேஷு, ஸ்கூட்டருன்றாரே..."

கையைத் தூக்கலாமா என்று நிஜமாகவே யோசித்தேன். தூக்கினால் ஊர் பார்க்கும். சார் பார்ப்பார். சச்சரவு என்று பதிவாகும். நிரந்தரம் போகும்.

"யார்து அது? எடுங்கடா!" என்று ஊரே ஒரே குரலில் கத்தியது. சும்மா நின்றால் சந்தேகப்படுவார்கள். வடத்தை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நானும் கத்தினேன். மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாக.